மேல்தட்டில் இருந்த குழாய்கள்

எலியைக் கொல்வதற்கு முன் அதை நிறுக்க வேண்டும். தராசில் ஒரு பிளாஸ்ரிக் கிண்ணத்தை வைத்து, வாலைப் பிடித்து உள்ளே இறக்கினால், அது முன்கால்கள் இரண்டையும் விளிம்பில் வைத்துக்கொண்டு மேலே பார்க்கும். இலக்கம் ஓய்ந்து நிற்கும்வரை நான் இலக்கத்தை மட்டும் பார்ப்பேன். பிறகு பக்கவாட்டில் இருக்கும் கட்டியை அளவுகோலால் நீளமும் அகலமுமாக அளப்பேன். பிறகு கொல்வேன். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து ஏழு வருடங்களாகின்றன. முதல் எலியைக் கொன்ற அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. இப்போது கை கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன்.

நான் பருத்தித்துறையில் கடற்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். எனக்கு ஓர் அண்ணை மட்டும். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அப்பா பாரிசவாதம் வந்து கைகால் விழுந்து படுத்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகத் தொடங்கியவர். அவர் போனதால்தான் நான் நெல்லியடிக்கு ரியூசனுக்குப் போனேன், பிறகு பல்கலைக்கழகம் போனேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆட்கள் கேட்டால் மட்டும், "தங்கச்சி எலியளை வைச்சு ஆராய்ச்சி செய்யிறாள்" என்பார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "அது எங்களுக்கு விளங்காது" என்று பெருமையாகச் சொல்வார்.

போன வருடத்துக்கு முதல் வருடம் அவருக்குச் சோறு விழுங்கக் கடினமாக இருந்தது. முதலில் மீன்முள் குத்தியதென்று நினைத்தார். பிறகு பாண் போகவில்லை, பிறகு கஞ்சி. உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றியும் கதிர் வைத்தும் கட்டியைச் சுருக்கிவிட்டு வெட்டி எடுக்கலாம், நேரத்தோடு வந்திருக்கிறார், நம்பிக்கை இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். எங்கள் பக்கத்தில் கதிர் வைப்பதைக் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். முதலில் மருந்து, அதற்குப் பிறகு கரண்ட் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் நான் ஆய்வுகூடத்தில் செய்துகொண்டிருந்ததும் புற்றுநோய் வேலைதான். அது தற்செயல். அண்ணைக்கு வருத்தம் வருவதற்கு ஒரு வருடம் முந்தியே தொடங்கியது. எங்கள் வடகரைக் கற்பாறைகளில் ஒட்டி வளரும் ஒரு பச்சைப் பாசியின் சாறு, புற்றுக் கலங்களின், அதாவது செல்களின், பெருக்கத்தை அடக்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களில் அது அடக்கியது. உயிருள்ள உடம்பில் அடக்குமா என்று பார்க்கச் சுண்டெலிகள் வேண்டும்.

எலிகளுக்குத் தோலின் கீழ் ஏற்றிய புற்றுக் கலங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பெருகு என்று கட்டளையிடும் சமிக்ஞை ஒன்று அந்தக் கலங்களுக்குள் எழும்போதெல்லாம், மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் நொதியம் ஒன்றும் கூடவே உருவாகும்படி அவற்றை மாற்றியிருந்தார்கள். அந்த நொதியம் கட்டியை வளர்ப்பதுமில்லை, தடுப்பதுமில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் செய்தி சொல்வது மட்டும்தான் அதன் வேலை. எலியைக் கொன்று, கட்டியை எடுத்து, பாதியாக வெட்டி, இரண்டு சிறு குழாய்களில் போட்டு, மைனஸ் எண்பது பாகை ஃபிறீசரில் வைப்பேன். அளக்கும் நாளில் ஒரு பாதியை ஐஸின் மேல் வைத்தே அரைத்து, கலங்களை உடைக்கும் திரவத்தில் கரைத்து, சுழற்றி, தெளிந்த நீரை எடுத்து, நொதியத்துக்கு வேண்டிய பொருளைச் சேர்த்தால் வெளிச்சம் வரும். வெளிச்சம் என்று சொல்கிறேனே தவிரக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைத் தட்டை இயந்திரம் உள்ளே இழுத்து, மூடி, ஒவ்வொரு குழியாக எண்ணி, இலக்கமாகத் தரும். அதை அந்தக் குழியில் இருந்த புரதத்தின் அளவால் வகுக்க வேண்டும். வெளிச்சம் கூடவென்றால் கட்டளை உரத்து ஒலிக்கிறது. குறைவென்றால் அடங்கிவிட்டது.

இருபத்திநான்கு எலிகள். பன்னிரண்டுக்குப் பாசிச் சாறு. பன்னிரண்டுக்கு வெறும் எண்ணெய். ஐப்பசி மாதம் அவற்றைக் கொன்றேன். எண்ணெய் குடித்தவற்றை முதல் நாள் முடித்து, கட்டிகளை ஃபிறீசரின் அடித்தட்டில் வைத்தேன். சாறு குடித்தவற்றை அடுத்த நாள் முடித்து, மேல்தட்டில் வைத்தேன். இரண்டு கூட்டத்தையும் கலந்து கொன்று கலந்து வைத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது அதுதான். கூடுகளை அடிக்கடி மாற்றி எடுக்கும் வேலையை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்தேன்.

கார்த்திகையில் அளந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த கடதாசியை நின்றபடியே வாசித்தேன். எண்ணெய் குடித்த எலிகளின் கட்டிகளில் வெளிச்சம் எதிர்பார்த்தபடி இருந்தது. சாறு குடித்தவற்றில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பன்னிரண்டிலும் அப்படித்தான். நான் ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூட்டிவந்தேன். அவர் ஐம்பது வயது தாண்டிய பெண். எங்களோடு அளந்துதான் கதைப்பார்.

"இன்னொருக்கால் ஓட்டிப் பாரும்" என்றார்.

அரைத்து வைத்திருந்த அதே நீரில் மறுபடி ஓட்டினேன். அதே இலக்கங்கள். புரதம் எல்லாவற்றிலும் ஒரே அளவு. வகுத்தபோதும் வித்தியாசம் அப்படியே இருந்தது.

"ஆனா மிஸ், கட்டியின்ரை அளவு ரெண்டு கூட்டத்திலயும் ஒண்டுதானே. சின்னனாகேல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சமிக்ஞைதான் முதல் அடங்கும். அளவு பிறகுதான் குறையும். இன்னும் ரெண்டு கிழமை விட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

அது நியாயமான விளக்கம். நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ள ஆசையாகவும் இருந்தது. அன்று அவர் என் தோளில் தட்டினார். ஏழு வருடத்தில் அது ஒருமுறைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்குப் போனேன். அவருக்கு இரண்டாவது தடவை மருந்து ஏற்றி ஒரு கிழமை. தலைமயிர் கொட்டியிருந்தது. உதடு வெடித்து, வாயெல்லாம் புண். மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, ரவைக்கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கரண்டிக்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து, ஏதாவது நல்ல செய்தி சொல்ல வேண்டும் போல் இருந்தது. என்னிடம் இருந்த நல்ல செய்தி ஒன்றுதான்.

"எடி, உண்மையாவோ?" என்றார் அண்ணை. "எங்கடை பாசியோ? முனையிலை கல்லுகளிலை கிடக்கிறதோ?"

"ஓம் அண்ணை, உந்தப் பாசிதான். நீங்கள் வலையிலையிருந்து பிடுங்கி எறியிறது."

"அதைக் குடுத்த எலியளுக்கு?"

"வெளிச்சம் நாலிலை ஒரு பங்காக் குறைஞ்சிட்டுது. கட்டியை வளரச் சொல்லுற கட்டளை அடங்கிப் போச்சு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

அவர் தலையணையில் சாய்ந்திருந்தவர் எழும்பி இருந்தார். "எப்பிடிக் குடுக்கிறனியள்? அவிச்சோ?"

"அவிக்கிறேல்லை. காயவிட்டு, அரைச்சு, மதுசாரத்திலை ஊறவைச்சு வடிச்சு, அந்த மணம் போகவிட்டிட்டுக் குடுக்கிறது."

"மதுசாரம் எண்டால் சாராயமோ?"

"கிட்டத்தட்ட உதுதான்" என்று சிரித்தேன். பிறகு, "ஆனா இது எலியிலை, அண்ணை. ஆக்களுக்கு வர இன்னும் பத்துப் பதினைஞ்சு வருசம் எடுக்கும்" என்றும் சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் அதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். மச்சாள் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை கூடிவிட்டது. வருட முடிவில் நடக்கும் ஓர் ஆய்வு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுத வேண்டும், வரைபடம் கீற வேண்டும். அண்ணை வீட்டுக்கு இரண்டு தடவைதான் போனேன், அதுவும் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு. இரண்டு தடவையும் அவர் தெளிவாக இருந்தார். வாய்ப்புண் ஆறியிருந்தது. தலையில் பூனைமயிர் போல் முளைக்கத் தொடங்கியிருந்தது. மருந்து ஏற்றுவது எப்படிப் போகிறது என்று கேட்டேன். "அது ஒரு பக்கத்தாலை நடக்குது" என்றார். மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிற ஆளுக்கு மயிர் முளைக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மருந்து பிடித்துவிட்டது என்று சந்தோசப்பட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

தை பிறந்து சில நாட்களில் பேராசிரியர் கூப்பிட்டார். மாநாட்டில் நன்றாக எடுபட்டது, இனி முழுக் கட்டுரை எழுத வேண்டும், அதற்கு முன் மிச்சமிருக்கும் பாதிக் கட்டிகளையும் அளந்துவிடும் என்றார். நான் ஃபிறீசரைத் திறந்து மேல்தட்டுப் பெட்டியை வெளியே எடுத்தேன்.

ஒரு குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கட்டித் துண்டை நான் குழாயின் பக்கத்தில் ஒட்டியபடி உறைய வைத்திருந்தேன். எப்போதும் அப்படித்தான் வைப்பேன், எடுக்கச் சுகம். இப்போது அது குழாயின் அடியில் கிடந்தது. அதைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு துளி நீர், பெட்டி எந்தப் பக்கம் சரிந்திருந்ததோ அந்தப் பக்கம் சரிந்தபடி உறைந்திருந்தது. இரண்டாவது குழாயும் அப்படி. பன்னிரண்டும் அப்படி. அடித்தட்டுப் பெட்டியை எடுத்தேன். எல்லாத் துண்டுகளும் நான் ஒட்டிய இடத்திலேயே, வெண்பனி பூத்தபடி இருந்தன.

முதல் தடவை அளக்கும்போது மற்றப் பாதிகள் இருந்த குழாய்களை நான் இப்படிப் பார்க்கவில்லை. பெட்டியோடு எடுத்து, ஐஸில் குத்தி, அரைக்கத் தொடங்கிவிட்டேன்.

எலிகளைக் கொன்ற பிறகு, ஐப்பசி மழையில் ஒரு சனி, ஞாயிறு மரம் விழுந்து கரண்ட் நின்றது நினைவுக்கு வந்தது. காவலாளியிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுசன், யோசித்துச் சொன்னார்.

"ஓம் மிஸ், ஜெனரேற்றர் ஸ்ராட் வரேல்லை. பற்றரி செத்துக் கிடந்தது. உள்ளுக்கை ஏதோ கீ கீயெண்டு கத்தினது. பிறகு தானா நிண்டிட்டுது. நான் சரி வந்திட்டுது எண்டு நினைச்சன்."

எச்சரிக்கை மணியின் பற்றரியும் தீர்ந்துதான் அது நின்றிருக்க வேண்டும். திங்கட்கிழமை நான் வரும்போது கரண்ட் வந்து, ஃபிறீசர் பழையபடி மைனஸ் எண்பது காட்டிக்கொண்டிருந்தது. அடித்தட்டில் ஐஸ் கட்டிகளும் பழைய பெட்டிகளும் நெருக்கமாக அடைந்திருந்தபடியால் அங்கே உருகவில்லை. மேல்தட்டு அரைவாசி வெறுமை. அங்கே உருகியது.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஒரு சோதனை செய்தேன். அடித்தட்டிலிருந்து மூன்று குழாய்களை எடுத்து, ஒவ்வொரு துண்டையும் இரண்டாக்கி, ஒன்றை உடனே அரைத்தேன். மற்றதை மேசையில் விட்டு உருகவைத்து, ஒருநாள் பொறுத்து மறுபடி உறையவைத்து, பிறகு அரைத்தேன். உருகியவற்றில் வெளிச்சம் நாலில் ஒன்றுக்கும் கீழே. புரதம் மாறவில்லை. எந்தச் சாறும் குடிக்காத எலியின் கட்டி அது. பாசி ஒன்றையும் அடக்கவில்லை. செய்தி சொல்ல வேண்டிய நொதியம், சொல்வதற்கு முன்னரே ஃபிறீசருக்குள் செத்துப்போயிருந்தது.

பேராசிரியரிடம் கடதாசியைக் கொண்டுபோய் வைத்தேன். அதைக் கடைசி வரிவரை வாசித்தார்.

"உமக்கு நிச்சயமோ?"

"ஓம் மிஸ்."

"அப்ப நான் மாநாட்டுக்காரருக்கு எழுதிறன், சுருக்கத்தைத் திருப்பி எடுக்கிறமெண்டு." பேனையை எடுத்தவர் மூடியைக் கழற்றாமலே கையில் வைத்திருந்தார். "திரும்பச் செய்யவேணும். இன்னும் இருபத்திநாலு எலி."

நான் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பருத்தித்துறை பஸ் ஏறினேன். அண்ணைக்குச் சொன்னதைத் திருத்திவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் அப்போது இருந்தது. ஒரு வெட்கம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வீட்டில் மச்சாள் குசினிக்குள் நின்றாள். உள்ளே போனதும் சாராய மணம் அடித்தது. அண்ணை வருத்தம் வந்த நாளோடு குடியை விட்டவர். சட்டிபானை வைக்கும் தட்டில் மூன்று போத்தல்கள் இருந்தன. உள்ளே கரும்பச்சையாகத் தண்ணீர். அடியில் வண்டல்.

"இது என்ன மச்சாள்?"

"அவரின்ரை மருந்து."

"எந்த மருந்து?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீர் சொன்ன மருந்துதான். காயவிட்டு, அரைச்சு, ஊறவைச்சு, மணம் போக வெயிலிலை வைச்சுத்தான் குடுக்கிறன். நீர் சொன்ன மாதிரியே."

நான் ஒரு போத்தலைக் கையில் எடுத்தேன். "அப்ப ஆஸ்பத்திரி மருந்து?"

"அதை விட்டிட்டார். ரெண்டு ஏத்தினதோடை போகேல்லை. கரண்ட் பிடிக்கவும் போகேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவர்தான் சொல்லவேண்டாமெண்டவர். உத்தியோகத்திலை இருக்கிற ஆக்கள் வெளியிலை பத்து வருசம் பதினைஞ்சு வருசமெண்டுதான் சொல்லவேணுமாம், அது சட்டமாம். கேட்டால் நீர் வேண்டாமெண்டுதான் சொல்லுவீராம். ஆனா அண்டைக்கு உம்மடை முகத்தை அவர் பாத்தவராம். நானும் பாத்தனான்தானே."

அண்ணை வெளியே வலை பார்த்துக்கொண்டிருந்தவர் குரல் கேட்டு உள்ளே வந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"வா, வா. காலமை இடியப்பம் விழுங்கினனான், தெரியுமோ? ரெண்டு. சொதியிலை ஊறவிட்டுத்தான், எண்டாலும் விழுங்கினனான்."

"அண்ணை, இருங்கோ."

அவர் இருக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். "அது பிழை, அண்ணை. அந்த மருந்து வேலை செய்யேல்லை. கரண்ட் நிண்டு ஃபிறீசருக்குள்ளை எல்லாம் உருகிப்போச்சு. அதாலைதான் வெளிச்சம் குறைஞ்சது. மருந்தாலை இல்லை."

"அப்ப நான் எப்பிடிச் சுகமா இருக்கிறன்?"

"ஆஸ்பத்திரி மருந்து உடம்பை வாட்டிறது. அதை விட்டபடியா உடம்பு கொஞ்சம் தேறியிருக்கு. முதல் ஏத்தின ரெண்டிலை கட்டியும் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அதாலை இறங்குது. ஆனா கட்டி உள்ளுக்கை கிடக்குது, அண்ணை. அது வளரும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உனக்கு நிச்சயமோ?"

ஒரே நாளில் இரண்டாவது தடவையாக அந்தக் கேள்விக்கு ஓம் என்றேன். "நானே திரும்பச் செய்து பாத்தனான்."

"எத்தினை கிழமை போட்டுது?"

"எட்டு, ஒம்பது."

அவர் சுவரோடு சாய்ந்து மெதுவாக நிலத்தில் இருந்தார். மச்சாள் அழத் தொடங்கினாள். அவர் அவளைப் பார்த்துக் கையை அசைத்தார், நிற்பாட்டு என்பதுபோல. பிறகு என்னிடம், கோபம் இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"நீ இவ்வளவு படிச்சனி. உனக்கே இப்பதான் தெரிஞ்சதெண்டால், நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளினிக்கில் சனம். எங்கள் முறை வர மத்தியானமாகிவிட்டது. டொக்டர் இளம் பெண். அண்ணையின் கோவைத் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, இவ்வளவு நாளும் எங்கை போனனீங்கள்? எத்தினை தரம் ரெலிபோன் எடுத்தம்?"

நான் வாயைத் திறக்க முதல் அண்ணை சொன்னார். "தொழிலுக்குப் போனனான், டொக்டர்."

"இந்த வருத்தத்தோடையோ?"

"வீடு பாக்கவேணும்தானே."

டொக்டர் ஏசினாள். உயிரைவிடத் தொழில் பெரிதா, உங்களுக்காகத்தானே நாங்கள் இங்கே இருக்கிறோம், படித்துப் படித்துச் சொன்னோமே என்றாள். நியாயமான ஏச்சு. அண்ணை தலையைக் குனிந்து, ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவருக்கு விழுந்த ஏச்சு முழுவதும் எனக்குரியது. ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். இது என்னால் நடந்தது, இவர் என் கதையைக் கேட்டுத்தான் நிற்பாட்டினார் என்று. டொக்டர் என் கழுத்தில் தொங்கிய ஆய்வுகூட அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். கையால் அட்டையைத் திருப்பிவிட்டேன்.

ஸ்கான் எடுத்தார்கள். கட்டி மூச்சுக்குழாயின் பக்கம் இறங்கியிருந்தது. இனி வெட்ட முடியாது, மருந்தும் கரண்டும் வலியைக் குறைக்கத்தான் என்றார்கள். முன்பு ஒழுங்காக வந்திருந்தால் வெட்டியிருக்கலாமா என்று மச்சாள் கேட்டாள். "சொல்ல ஏலாது அம்மா" என்றாள் டொக்டர். அது பொய்யில்லை. ஒழுங்காக மருந்து எடுத்தவர்களும் இறந்திருக்கிறார்கள். அந்த வசனத்தை நான் பல நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் உதவவில்லை.

மாசியில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மச்சாள் அரைத்த கஞ்சியையும் மீன் அவித்த தண்ணீரையும் அதற்குள் ஊற்றுவாள். அண்ணைக்கு வாசம் மட்டும் தெரியும். சூடை மீன் பொரிக்கும் நாளில் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். குரல் போய்விட்டது. என்னோடு கதைக்க வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே கொண்டுபோவார். ஒருநாள் அப்படி இழுத்து, "எலியளுக்கு நோகுமோ?" என்று கேட்டார்.

"கொல்லேக்கை நோகாது, அண்ணை. கட்டி பெருத்த பிறகு நோகும்."

"அதுகள் கத்துமோ?"

"இல்லை. மூலையிலை குந்திக்கொண்டிருக்கும்."

தலையை ஆட்டினார்.

சித்திரை முடிவில் ஒரு விடியற்காலை அவர் போனார். செத்தவீட்டுக்குப் பேராசிரியரும் காரில் வந்தார். எனக்கு ஓர் அண்ணை இருந்தார், அவருக்குப் புற்றுநோய் என்பதே பேராசிரியருக்கு அன்றுதான் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் ஒண்டும் சொல்லேல்லை நீர்?" என்றார். எல்லோரும் என்னிடம் கேட்பது இந்த ஒன்றையேதான் என்று நினைத்தேன். சொல்லக் கூடாத இடத்தில் சொன்னேன். மற்ற எல்லா இடத்திலும் வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பினேன். இரண்டாவது தொகுதி எலிகள் தயாராக இருந்தன. இந்தத் தடவை கூடுகளைக் கலந்து எடுத்தேன். எந்த எலி என்ன குடித்தது என்று தெரியாமல் இலக்கம் மட்டும் போட்டு, எல்லாக் கட்டிகளையும் ஒரே பெட்டியில் வைத்தேன். மூன்றாம் நாளே அரைத்து அளந்தேன். இயந்திரம் எண்ணி முடித்த பிறகுதான் பட்டியலைத் திறந்து எது எந்தக் கூட்டம் என்று பார்த்தேன். இரண்டு கூட்டமும் ஒன்றுதான். ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை.

பேராசிரியரின் அறையில் அதைக் கொடுத்தபோதுதான் நடந்ததைச் சொன்னேன். போத்தல்கள், ஒன்பது கிழமை, கிளினிக்கில் அண்ணை சொன்ன பொய், எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "நான்தான் உமக்குச் சொன்னனான், சமிக்ஞை முதல் அடங்குமெண்டு" என்றார்.

"நீங்கள் எனக்குத்தான் சொன்னனீங்கள், மிஸ். அண்ணைக்குச் சொன்னது நான்."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். பலன் இல்லை என்று சிறு அறிக்கை ஒன்று எழுதி, ஃபிறீசர் உருகியதையும் அதில் போட்டார். அடுத்த மாதம் வேறொரு மூலிகை பற்றிய வேலை வந்தது. செய்வீரா என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்கு வேறு வேலை தெரியாது. அதோடு, அந்த அறையில் நான் பிழை விடக்கூடிய இடங்கள் எவை என்று இப்போது எனக்குத் தெரியும். வேறொருவருக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்தித்துறைக்குப் போகிறேன். மச்சாள் தேத்தண்ணி தருவாள். முந்தி என்னைக் கண்டால் ஓயாமல் கதைப்பவள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அவள் ஏசுவாள் என்று நான் எதிர்பார்த்துப் போன நாட்கள் உண்டு. ஏசினதில்லை. போன கிழமை, குடித்து முடித்த கோப்பையை வாங்கும்போது தானாகவே கேட்டாள்.

"இப்ப என்ன செய்யிறீர் அங்கை?"

"பழைய வேலைதான், மச்சாள். எலியளோடை."

"வேறை மருந்தோ?"

"ஓம்."

"அது வேலை செய்யுதோ?"

"தெரியாது" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.